இதய வால்வுக் கட்டியைக் காட்டும் கருவிக்கு நன்கொடை தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பக்கவாதம் வந்து படுத்தவருக்கு மூளை ஸ்கேனில் அடைப்பு தெரிகிறது. கழுத்து ரத்தக்குழாய் சுத்தம், இதயத் துடிப்பும் சீர். அப்புறம் அந்த அடைப்பு எங்கிருந்து வந்தது? சிலருக்கு அது இதய வால்விலிருந்து வந்திருக்கும்.

அங்கே வளரும் அந்தக் கட்டியின் பெயர் பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா. வால்வுகளில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம்; முக்கியமாக இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள அயோர்டிக், மைட்ரல் என்ற இரண்டு வால்வுகளில் வரும். புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் சிறு காம்பில் தொங்கி, துடிப்புக்குத் துடிப்பு ஆடும். வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டால் நூல்நூலாக விரியும். அதில் ஒரு துணுக்கு முறிந்தாலோ, மேலே படிந்த ரத்தக்கட்டி கழன்றாலோ பக்கவாதம் வரலாம், மாரடைப்பும் வரலாம்.

மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் (ஒலி அலையால் எடுக்கும் இதயப் படம்) சின்னக் கட்டி தப்பிவிடலாம். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டியே இறங்குகிறது. அதற்குள் புரோப், அதாவது நுனியில் படமெடுக்கும் மெல்லிய குழாய், விட்டுப் பார்த்தால் நடுவில் விலா எலும்பும் இல்லை, நுரையீரலும் இல்லை. காம்பு வால்வின் எந்த இதழில் ஒட்டியிருக்கிறது என்பதுவரை தெரியும். கிருமித் தொற்றில் வளர்ந்த திசுவா, ரத்தக்கட்டியா, இந்தக் கட்டியா என்று பிரித்தறிய, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையோடு இந்தப் படமும் வேண்டும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

கட்டி என்றதும் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை என்று பயப்பட வேண்டாம். அறிகுறி இல்லாத, சின்னதாக, ஆடாமல் இருக்கும் கட்டியை அவ்வப்போது எக்கோ எடுத்துக் கண்காணிப்பார்கள். இதயத்தின் இடப்பக்கத்தில் இருந்து ஆடுகிற கட்டியையும், ஏற்கெனவே பக்கவாதம் தந்த கட்டியையும் எடுத்துவிடச் சொல்வார்கள். பெரும்பாலும் வால்வை மாற்றாமலே சீவி எடுத்துவிட முடியும். திரும்ப வருவது அபூர்வம். இவ்வளவு நல்ல பலன் தரும் சிகிச்சை, கண்டுபிடிக்காததால் கை நழுவிப் போவதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

நம் மருத்துவமனையில் எக்கோ மெஷின் இருக்கிறது, அந்த புரோப்தான் இல்லை. ஒரு பக்கம் அசையாமல் கிடப்பவரை இந்த ஒரு பரிசோதனைக்காக வேறு இடத்துக்குத் தூக்கிச் செல்கிறோம். புரோப்பும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதைக் கிருமி நீக்கும் சாதனமும் வாங்கவே இந்த நிதி. கிருமி நீக்கும் வசதி இல்லாமல் புரோப்பை மட்டும் வாங்குவது சரியில்லை என்பது குழுவின் முடிவு.

தொகை சிறிதானாலும் தாருங்கள். குழுப் பொருளாளரிடம் கொடுத்து, கையொப்பமிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் நேராகக் கருவி விற்பவருக்கே போகும். பில் நகலை நன்கொடை தந்த யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
இதய நோயாளிகள் நலக் குழுவினர்