யூபிஎஸ் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியை மின்வெட்டிலிருந்தும் திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்தும் காப்பது பற்றி உங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவசியமான கட்டுரைதான். ஆனால், மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் தரமான சர்ஜ் புரொடெக்டரும், மின்சாரம் போனால் பேட்டரியில் சற்று நேரம் கணினியை ஓட்டும் யூபிஎஸ்ஸும் வாங்கி வையுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். கணினி பழுதுபார்ப்பது என் தொழில். கருகிய மதர்போர்டோடு வருகிறவர்களில் பலர், "எல்லாம் மாட்டித்தானே வைத்திருந்தோம்!" என்று அங்கலாய்க்கிறார்கள். உண்மைதான், மாட்டியிருந்தார்கள். மாட்டியதற்கு உயிர் போய் எத்தனையோ நாளாகியிருந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சர்ஜ் புரொடெக்டரைத் திறந்து பார்த்தால் நாணயம் போன்ற சிறு வில்லைகள் தெரியும். வேரிஸ்டர் என்பது இதுதான். துத்தநாக ஆக்சைடைச் சுட்டுச் செய்த ஒருவகைப் பீங்கான். வழக்கமான மின்னழுத்தத்தில் இது மின்சாரத்தைத் தன் வழியே போக விடுவதில்லை. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று வழிதிறந்து, மிகுதியைத் தன் மேல் வாங்கி வெப்பமாக்கிவிடும். அப்படி அடிவாங்கும் ஒவ்வொரு முறையும் அதன் வலு சற்றுக் குறைகிறது. சைக்கிள் பிரேக் கட்டையைப் போல அது தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பொருள். பெட்டியின் மேல் ஜூல் என்ற ஆற்றல் அலகில் போட்டிருப்பது, அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், வேரிஸ்டர் செத்த பிறகும் பெரும்பாலான பெட்டிகளில் மின்சாரம் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். பாதுகாப்பு இருப்பதைக் காட்டும் சின்ன விளக்கு மட்டும் அணைந்திருக்கும். மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியின் விளக்கை யார் குனிந்து பார்க்கிறார்கள்? இன்னும் சில பெட்டிகளில் சுவிட்சும் ஃபியூஸும் தவிர உள்ளே எதுவுமே கிடையாது. ஃபியூஸ் உருகுவதற்குள் மின்னழுத்த ஏற்றம் வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விடும்.

அடுத்தது எர்த். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். மிகுதி மின்சாரத்தில் ஒரு பகுதியை வேரிஸ்டர் எர்த் கம்பியில்தான் இறக்குகிறது. கம்பியே இல்லையென்றால் எங்கே இறக்கும்? சுவரில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பின்புறம் கம்பியே இணைக்காத பிளக் பாயிண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளக் நுழையவில்லை என்று எர்த் முள்ளையே வெட்டி எறிந்தவர்களும் உண்டு. கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியில் புறங்கை உரசும்போது சுருசுருவென்று கூச்சமாக இருக்கிறதா? கணினிக்கு மின்சாரம் தரும் மின்வழங்கியின் (பவர் சப்ளை) வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகக் கசியும் சிறிதளவு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது என்று பொருள். அன்றைக்கே எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

மூன்று பேஸ் (மும்முனை) இணைப்பில், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால் வருவது வேறு வகை ஆபத்து. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறி, ஏறியபடியே நிற்கலாம். நொடியில் வந்து மறையும் ஏற்றத்துக்காகச் செய்யப்பட்ட வேரிஸ்டரால் இதைத் தாங்க முடியாது. கொதித்துத் தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. திரைச்சீலைக்குப் பின்னாலும் காகிதக் குவியலுக்கு அடியிலும் சர்ஜ் புரொடெக்டரை வைக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். இதற்கு மாற்று, மின்னழுத்தம் எல்லை மீறினால் இணைப்பையே துண்டித்துவிடும் கருவியை மெயின் போர்டில் பொருத்துவது.

யூபிஎஸ்ஸுக்கு வருகிறேன். வீடுகளில் உள்ளவற்றில் பெரும்பாலும் இருப்பது மூடிய ஈய அமில பேட்டரி. அதன் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்றுப் புகாத மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிவைத்தால் இரண்டே ஆண்டில் போனாலும் வியப்பில்லை. பேட்டரி உப்பி, உறைக்குள் இறுகி, வெளியே இழுக்கவே வராத யூபிஎஸ்களை நான் நெம்பித் திறந்திருக்கிறேன். அதுவரை முகப்பில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்! மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திறந்திருக்கும் கோப்புகளையெல்லாம் சேமித்துவிட்டு, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து துண்டிக்கப்படும்.

யூபிஎஸ் என்பது மின்வெட்டு நேரத்திலும் தொடர்ந்து வேலை பார்ப்பதற்கான கருவி என்று பலரும் நினைக்கிறார்கள். சேமித்துவிட்டுக் கணினியை முறையாக நிறுத்த அவகாசம் தருவதுதான் அதன் வேலை. நீங்கள் அருகில் இல்லாதபோது கணினி தானாகவே நிற்க வேண்டும் என்பதற்காகப் பல யூபிஎஸ்களோடு ஒரு யூஎஸ்பி கேபிள் தருகிறார்கள். அதை மாட்டிவிட்டால், பேட்டரி இறங்குவதை அறிந்து கணினி தன்னை நிறுத்திக்கொள்ளும். பல வீடுகளில் அந்தக் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அட்டைப் பெட்டியிலேயே கிடக்கிறது. லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டாம். மையை உருக்கும் பகுதி சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்துக்குச் சிறிய யூபிஎஸ் ஈடுகொடுக்காது.

இடி மின்னலின்போது எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் உத்தமம். ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்ற வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்தும் அந்த வழியாக வந்த அடியில் கணினியை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆவணங்களை நகலெடுத்து வைத்திருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கையும், வேலை முடிந்ததும் கணினியிலிருந்து பிரித்து எடுத்து வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யூபிஎஸ், சர்ஜ் புரொடெக்டர் வகைகளை ஒப்பிட்டு எழுதும்போது, விலையோடும் திறனோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பேட்டரி தயாரான மாதமும் ஆண்டும் வெளியே தெரியும்படி அச்சிடப்பட்டிருக்கிறதா, வாங்குபவரே பேட்டரியை மாற்ற முடிகிறதா, வேரிஸ்டர் செயலிழந்ததும் மின்சாரம் தானாக நிற்கிறதா என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடுங்கள். பதில் சொல்லாதவர்கள் யார் என்பதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்