2024-ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், கோவில் நிர்வாகத்தாருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு தொடங்கியதே புயலோடுதான். ஜனவரி 15 அன்று பெலால் புயல் மொரிசியசைத் தாக்கியது. தலைநகர் போர்ட் லூயியில் வெள்ளம், விமான நிலையம் மூடல். கிழக்குக் கடற்கரையில் நம் ஊரான ட்ரூ தோ தூஸில் படகுகளை முதல் நாளே மேட்டுக்கு ஏற்றிவிட்டதால் பெரிய சேதமில்லை. பத்தே நாளில், 25-ஆம் தேதி, தைப்பூசக் காவடி. விரதத்தில் இருந்த பிள்ளைகளே படகையும் இழுத்தார்கள், பந்தலையும் போட்டார்கள். ஏழு கறியோடு வாழையிலைச் சாப்பாடு குறைவில்லாமல் நடந்தது. அவர்களுக்கு இந்தச் சபை நன்றி சொல்ல வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் தடையின்றி நடக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

மற்றபடி, நிர்வாகக் குழுவில் இந்த ஆண்டு அதிகம் பேசியது கடற்கரைப் பிழைப்பைப் பற்றித்தான். அதையே விரிவாகச் சொல்கிறேன்.

2024-இல் மொரிசியசுக்கு ஏறத்தாழ 13 லட்சத்து 80 ஆயிரம் பயணிகள் வந்தார்கள். தீவின் மக்கள்தொகையை விட அதிகம். கொரோனாவுக்கு முந்தைய 2019-இன் கணக்கை ஏறக்குறைய தொட்டுவிட்டோம். 2020 மார்ச்சில் எல்லை மூடி, 2021 அக்டோபரில் முழுதாகத் திறக்கும் வரை நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். படகு எஞ்சினை விற்று அரிசி வாங்கிய வீடு நம் தெருவிலேயே உண்டு. ஆகவே, பயணிகள் திரும்பியதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆள் திரும்பிய அளவுக்கு நம் கைக்குக் காசு திரும்பவில்லை.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிப்பது வரை எல்லாவற்றுக்கும் சொந்த ஊரிலேயே பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் பலர். ஈல் ஓ செர்ஃப் தீவுக்குக்கூட ஓட்டல் படகிலேயே போய்த் திரும்புகிறார்கள். நம் படகுத்துறையில் காலை எட்டு மணியிலிருந்து காத்திருக்கும் அண்ணன்மாருக்குக் கிடைப்பது விருந்தினர் விடுதியில் தங்குகிறவர்களும் பேருந்தில் வந்து இறங்குகிறவர்களும்தான். ஜூன், ஜூலை குளிர்காலத்தில் அதுவும் இல்லை. அந்த நாட்களிலும் படகு உரிமம், எஞ்சின் பராமரிப்பு என்று செலவு நிற்பதில்லை.

ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். நம் உறுப்பினரான ஓர் அக்கா, அருகிலுள்ள ஓர் ஓட்டலுக்குக் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் முருங்கைக்கீரையும் கொடுக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஈரச்சாக்கு போர்த்திய கூடைகளோடு பின்வாசலில் நிற்பார். எடை போட்டு, ரசீதில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். மே மாதம் அவர் சங்கத்துக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். உள்ளே மூன்று மாத ரசீதுகள், ஒன்றுக்கும் பணம் வரவில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாராவாரம் கைக்காசு போட்டுக்கொண்டிருந்தார். அன்னதான நிதியிலிருந்து அவருக்குக் கைமாற்றுக் கொடுத்தோம். அப்புறம் தலைவரும் நானும் நேரில் போய்ப் பேசினோம். நான்கு முறை நடந்த பிறகு, சிறு தோட்டக்காரர்களுக்கு முப்பது நாளுக்குள் பணம் என்று ஒப்புக்கொண்டார்கள். அக்கா கைமாற்றைத் திருப்பிவிட்டார். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்தது நிலம். 2006 முதல் ஐரோப்பா நம் சர்க்கரைக்கான விலையை 36 சதவீதம் குறைத்தபோது, ஒன்றிரண்டு அர்ப்பான் (ஓர் அர்ப்பான் ஏறத்தாழ ஓர் ஏக்கர்) கரும்பு வைத்திருந்தவர்கள் தளர்ந்துபோனார்கள். அதற்குள் 2002-இல் வந்த திட்டத்தின்படி வெளிநாட்டவர் 5 லட்சம் டாலருக்குக் குறையாமல் கொடுத்துக் கடலோர வில்லாக்கள் வாங்க முடிந்தது. அந்த விலையோடு நம் பையன்கள் எப்படிப் போட்டி போடுவார்கள்? ஓட்டலில் பரிமாறுகிறவன் பத்து பெர்ஷ் (ஏறத்தாழ பத்து சென்ட்) மனை வாங்க நினைத்தால் ஊருக்கு உள்ளே, கடல் தெரியாத பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. நாம் விற்கிற கரும்பு நிலமோ, கொள்ளுத்தாத்தா கூலிக்கு வந்து, வெட்டிய கரும்பின் காசில் வாங்கிய மண். விற்பது அவரவர் உரிமை, சரி. கையெழுத்துப் போடும் முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். பத்திரம் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு மாலை கூட்டம் வைத்தோம். அரங்கம் நிறைந்தது.

நம் பிள்ளைகள் சொகுசுக் கப்பல்களுக்கும் கனடாவுக்கும் போக, ஓட்டல்களில் நேபாள, வங்கதேசப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கூட்டத்தில் கடுமையாகப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாமும் கப்பலேறிக் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். காவடியன்று அவர்களையும் பந்தியில் உட்கார வைத்தோம்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். படகோட்டி உரிமம் எடுக்க விரும்பும் நம் இளைஞர்களின் பயிற்சிக் கட்டணத்தில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும். பெண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். படிவம் என்னிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்