மலைவீடுகளில் விளக்கெரியத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பர்கூர் மலையில் மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சூரிய விளக்கு அமைக்கக் கைகொடுத்த உங்கள் அனைவருக்கும் இந்த மடல். பேனல் வாங்கித் தர ஆள் கிடைத்துவிடுவார்கள். பேட்டரிக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்ற ஆள் கிடைப்பதுதான் அரிது. அதனால் முதல் நன்றி மகளிர் குழு அக்காமார்களுக்கு.

ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்திருக்கும் உப்பும் இரும்பும் பேட்டரித் தகடுகளைக் கெடுத்துவிடும். குழுச் சேமிப்பிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவைத்து, பேட்டரியின் நீர்மட்டம் காட்டும் மிதவை இறங்கிய வீடுகளுக்கு நீங்களே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள். சாம்பல் போட்டுப் பேனலைத் தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும், காலை வெயில் ஏறும்முன் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பதையும் வீடு வீடாகச் சொன்னவர்கள் நீங்கள்தான். அடுப்புப் புகை கூரை வழியே ஏறிப் படியும் வீடுகளில் இது மிகவும் தேவைப்பட்டது.

அடுத்து, தடித்த ஒயரை வாங்கிய விலைக்கே வெட்டிக்கொடுத்த எலெக்ட்ரிக்கல் கடை அண்ணனுக்கு. இதை விரித்துச் சொல்லியே ஆக வேண்டும். 100 வாட் பேனல் 5.5 ஆம்பியர் தரும். பேனலிலிருந்து பேட்டரிக்கு 10 மீட்டர் என்றால் போகவர 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சுமார் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். நண்பகலில் பேனல் சூடேறும்போது அதன் 18 வோல்ட் 15.5க்கு இறங்கும். அதிலும் 2 போனால் மிஞ்சுவது 13.5. பேட்டரி நிறையவோ 14.4 வேண்டும். நாள்தோறும் அரைகுறையாகவே சார்ஜ் ஆகும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் இறுகி, சீக்கிரமே செத்துப்போகும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு அரை வோல்ட்தான். பழி பேட்டரிமேல் விழும், குற்றம் ஒயருடையது.

ஓலைக்கூரை பேனலின் எடையையும் காற்றையும் தாங்காது. 2 அங்குல ஜி.ஐ. குழாயில் தூண் அடித்து, தெற்கு நோக்கி 12 டிகிரி சாய்வில் சட்டம் வைத்துத் தந்த வெல்டிங் பட்டறைக்காரருக்கு நன்றி. மதியம் பேனல்மேல் நிழல் விழாதிருக்கத் தம் பலாமரத்துக் கிளையை வெட்டவிட்ட பாட்டிக்கும்தான். ஒரு மூலையில் நிழல் பட்டாலே பாதி மின்சாரம் போய்விடும்.

12 வோல்ட், 40 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரிகளை மேடேறிச் சுமந்த தம்பிகளே, அந்தக் கனம் வீண்போகவில்லை. 5 வாட் பல்பு நான்கு 5 மணி நேரம், 15 வாட் டி.சி. மின்விசிறி 4 மணி நேரம், இரண்டு போன் என்றால் ஓர் இரவுக்குச் சுமார் 180 வாட்-அவர். பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிடாமல் 240 எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மூடாப்பில் பேனல் 140 தந்தாலே பெரிது. அந்நாட்களில் விசிறியை நிறுத்திவிடுங்கள்.

வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்ட்டிமீட்டரைப் பிடிக்கப் பழகிய இரண்டு தங்கைகளுக்குத் தனி நன்றி. பேட்டரி அளவுக்கு மீறி ஏறாமலும் வடியாமலும் காக்கும் கன்ட்ரோலரில் முதலில் இணைப்பது பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் பல்பு. கழற்றும்போது தலைகீழ் வரிசை. கன்ட்ரோலரைத் தாண்டி பேட்டரியிலிருந்தே நேராக டி.வி.க்கு ஒயர் இழுத்திருந்த வீடுகளைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். பேட்டரியின் பிளஸ் முனையருகே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் அவர்களே பார்க்கிறார்கள்.

மிக்ஸியும் மோட்டாரும் இதில் ஓடாது. அதனால் மின்கம்பிக்கான கோரிக்கையை விடக் கூடாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் கிராம சபையின் பரிந்துரையோடு வன நிலத்தில் மின்பாதைக்கு இடமுண்டு. அந்த மனுவைக் காசு வாங்காமல் எழுதித் தந்த வழக்கறிஞருக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
ஒயரிங், பராமரிப்புக் குழுவினர்

பி.கு.: ஓய்ந்த பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். விற்ற கடைக்காரரே எடைக்கு எடுத்துக்கொள்கிறார், அவருக்கும் நன்றி.