அந்த ஆறு செமஸ்டர் எக்ஸெல்

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் பையனின் கல்லூரிப் படிப்புக்குத் திட்டம் போட்டு நீ அனுப்பிய எக்ஸெல்லை நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். ஆறு செமஸ்டர், ஆறு கலர். ஃபிரிஸ்கோவில் உட்கார்ந்து ப்ராஜெக்ட் பிளான் போட்டுப் பழகிய கை, பெற்ற பிள்ளையையும் விடவில்லை. ஒரு கட்டத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்ட் கேட்கிறது. அதனால்தான் கடிதம். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். முப்பது வருடமாக இதுதானே நடக்கிறது.

முதலில் வீட்டு நிலவரம். அம்மா வந்து இரண்டு மாதம் ஆகிறது. குளிரைத் திட்டுவதைத் தவிர வேறு குறை இல்லை. பெரியவள் பல் மருத்துவத்தில் இரண்டாம் வருடம். போன வாரம் வந்திருந்தபோது பாட்டியை வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, "கீழே ஒரு கடைவாய்ப்பல் ஆடுது பாட்டி" என்றாள். "அது எனக்கே தெரியும். இதச் சொல்லவா இத்தனை வருஷம் படிச்சே?" என்று அம்மா கேட்டுவிட்டாள். வீடே சிரித்தது. எனக்கு மட்டும் ஃபீஸ் ஞாபகம் வந்தது.

சரி, உன் பையன் விஷயம். அவனுக்குப் பல் மருத்துவத்தில் ஆசை வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஊர் மாதிரி இல்லை, இங்கே முதலில் ஒரு பட்டப்படிப்பு, அதற்குப் பிறகுதான் பல் மருத்துவக் கல்லூரி என்பது உனக்கே தெரியும். ஆனால் உன் முதல் செமஸ்டரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பயாலஜி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கால்குலஸ், அதற்கு மேல் இங்கிலீஷ். மொத்தம் 18 கிரெடிட். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதுகிற ஏபி தேர்வில் கெமிஸ்ட்ரி எழுதி, அதிகபட்சமான 5 வாங்கிவிட்டான், அதனால் முதல் வருட கெமிஸ்ட்ரியைத் தாண்டி நேரே ஆர்கானிக்கில் உட்காரலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். மாப்ளே, இதே கணக்கை நானும் போட்டேன். பெரியவளும் 5 வாங்கியவள்தான்.

அவள் வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் வருடம். கல்லூரிப் பரீட்சை எப்படி இருக்கும், லேப் ரிப்போர்ட்டை எத்தனை மணி நேரத்தில் முடிக்கலாம் என்பதெல்லாம் ஒரு வருடம் அடிபட்டுத் தெரிந்துகொண்டவர்கள். இவள் விடுதிச் சாப்பாட்டுக்கே பழகாதவள். ஆர்கானிக்கில் எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். அதைப் பள்ளிக்கூட வழக்கப்படி மனப்பாடம் செய்தாள். நவம்பரில் போன் பண்ணி, "அப்பா, சி வரும் போலிருக்கு" என்றாள். வந்தது.

அடுத்த வருடம் அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாள். அவள் கல்லூரி பழைய சி-யைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொது விண்ணப்பம் ஒன்று இருக்கிறதே, ஆட்சாஸ் என்பார்கள், அதில் போடும்போதுதான் தெரிந்தது: அவர்கள் கணக்கில் ஒரு பாடத்தை எத்தனை முறை எடுத்தாலும் எல்லாமே சேரும். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் 4-க்கு 3.71 இருந்தது இவர்கள் கையில் 3.64 ஆனது. சயின்ஸ் பாடங்களுக்குத் தனியாக ஒரு சராசரி போடுவார்கள், அதில் அடி இன்னும் பலம். சேருகிற பிள்ளைகளின் சராசரியே 3.6-ஐ ஒட்டி இருக்கும்போது இந்த அடி சின்னதில்லை.

ஏபி-யால் நேரமாவது மிச்சமானதா என்றால் அதுவும் இல்லை. சில பல் மருத்துவக் கல்லூரிகள் ஏபி கிரெடிட்டை அப்படியே ஏற்கும். சில இடங்களில் ஏற்போம், ஆனால் அதற்கு ஈடாக மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்திரு என்பார்கள். சில இடங்களில் வேண்டவே வேண்டாம். இவள் பட்டியலில் இரண்டாவது ரகம் ஒன்று இருந்தது. கடைசி வருடத்தில் வேண்டாத கெமிஸ்ட்ரி ஒன்றை எடுத்து அந்த ஓட்டையை அடைத்தாள்.

ஆகவே, தம்பி முதல் வருடத்தில் பயாலஜி ஒன்று, பொது கெமிஸ்ட்ரி ஒன்று, இரண்டையும் லேபோடு எடுக்கட்டும். கூட ஒரு இங்கிலீஷ், ஒரு கணக்கு. போதும். தெரிந்த கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படிப்பதா என்பாய். தெரிந்ததில் ஏ வாங்கிக்கொண்டு, அந்த நேரத்தில் கல்லூரியைக் கற்றுக்கொள்ளட்டும். ஆர்கானிக் இரண்டாம் வருடம். அது முடிந்தால்தான் பயோகெமிஸ்ட்ரி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதே, மற்றதெல்லாம் நகர்த்தலாம்.

நகர்த்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபிசிக்ஸ் இரண்டு செமஸ்டர் கேட்பார்கள், ஆனால் நுழைவுத் தேர்வில் ஃபிசிக்ஸ் கிடையாது. டிஏடி என்கிற அந்தத் தேர்வில் பயாலஜி 40 கேள்வி, பொது கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30. மொத்தம் 100 கேள்விக்கு 90 நிமிடம். அது தவிர வாசிப்பு, கணக்கு, அப்புறம் ஒரு விசித்திரமான பகுதி, அதற்கு வருகிறேன். எனவே ஃபிசிக்ஸை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளலாம். இரண்டு வருடத்தில் பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் முடிந்த சூட்டோடு அந்தக் கோடையில் தேர்வுக்குப் படித்து எழுதிவிடலாம். நீ போட்டபடி எழுதினால் ஃபிசிக்ஸ் மண்டையில் நிற்கும், தேர்வில் வராது. மதிப்பெண் முறையும் மாறிவிட்டது. முன்பு 30-க்குப் போடுவார்கள், 2025 மார்ச்சிலிருந்து 200 முதல் 600 வரை. பழைய ஆட்கள் "22 வாங்கினேன்" என்று சொன்னால் குழம்பாதே.

அந்த விசித்திரமான பகுதிக்கு வருகிறேன். கண்ணால் பார்த்து வடிவத்தைப் புரிந்துகொள்ளும் திறனுக்கு 90 கேள்வி, 60 நிமிடம். காகிதத்தை மடித்து ஓட்டை போட்டு, பிரித்தால் ஓட்டை எங்கெங்கே இருக்கும் என்று ஒரு கேள்வி. விரித்து வைத்த அட்டையைக் காட்டி, மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று இன்னொன்று. பெரியவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்து, "சி" என்றேன். சரி. அடுத்தது, "ஏ". அதுவும் சரி. எப்படிப்பா என்று கேட்டாள். பாலக்கரையில் அப்பா கடையில் பத்து வயதிலிருந்து எத்தனை பொட்டலம் மடித்திருப்பேன்! பழைய பேப்பரைச் சுருட்டி, அடியைக் குத்தி, கால் கிலோ துவரம்பருப்பைப் போட்டு, வாயை மடித்துச் சணல் சுற்றினால், பிரிக்கும்போது எந்த மூலை எங்கே போகும் என்று விரலுக்குத் தெரியும். அன்று ராத்திரி தினசரி ஒன்றை எடுத்து அவளுக்குப் பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். அதனால் மார்க் ஏறியதா தெரியாது, கடையைப் பற்றி நிறையக் கேட்டாள். கனடாவில் இதே தேர்வுக்குச் சில வருடம் முன்புவரை சோப்புக்கட்டி ஒன்றைக் கொடுத்துச் செதுக்கச் சொல்வார்களாம். அது அம்மாவுக்குத் தெரிந்தால் இன்னும் சிரிப்பாள்.

மேஜர், அதாவது முதன்மைப் பாடமாக, எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். எதுவும் எடுக்கலாம். தேவையான பாடங்கள் இருந்தால் சரி. வரலாறு படித்தவர்கள், இசை படித்தவர்கள் எல்லாம் பல் மருத்துவர் ஆகியிருக்கிறார்கள். பெரும்பாலும் பயாலஜி எடுப்பதற்குக் காரணம், கேட்கிற பாடங்கள் அதிலேயே அடங்கிவிடும் என்பதுதான். பல் மருத்துவம் கிடைக்காவிட்டாலும் எதை வைத்து அவன் நிம்மதியாக வேலைக்குப் போவான் என்று யோசித்துச் சொல்லட்டும். டபுள் மேஜர் என்று போட்டிருக்கிறாயே, அது யாருடைய ஆசை? அவனுடையது மாதிரித் தெரியவில்லை.

மூன்றாம் நான்காம் வருடத்தில் மைக்ரோபயாலஜி, ஃபிசியாலஜி, அனாடமி, புள்ளியியல் என்று சேர்த்துக்கொண்டால் நல்லது, பல இடங்களில் கேட்கிறார்கள். நீ டெக்சாஸில் இருப்பதால் இன்னொன்றையும் பார். ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டாலஸ், எல் பாசோ என்று உங்கள் மாநில அரசுக் கல்லூரிகள் நான்குக்கும் டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று தனி விண்ணப்பம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே பெரும்பாலான இடம். பயாலஜி மற்ற ஊரைவிடக் கூடவே கேட்பார்கள். ஒவ்வொரு கல்லூரிப் பக்கத்திலும் போய்ப் பார்த்து எழுதி வைக்க வேண்டியது உன் வேலை. எக்ஸெல் அதற்குத்தான் லாயக்கு.

மண்பாண்ட வகுப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடத்தில் பெரியவள் செராமிக்ஸ் என்று ஒன்று எடுத்தாள். மண் பிசையவா இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறேன் என்று நான் கத்தினேன். நேர்காணலில் அவளிடம் அதிக நேரம் கேட்டது அதைப் பற்றித்தான். முதல் வருடப் பல் மருத்துவத்தில் மெழுகில் பல் செதுக்கச் சொன்னபோது கை நடுங்கவில்லை என்றாள். உன் எக்ஸெல்லில் கைக்கு என்று ஒரு கட்டம்கூட இல்லை. வயலின், ஓவியம், தையல், ஏதோ ஒன்று.

அப்புறம் கிளினிக்கில் போய் நிற்பது. ஷேடோயிங் என்கிறார்கள். பல இடங்களில் 100 மணி நேரம் எதிர்பார்ப்பார்கள், முதல் வருடக் கோடையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கட்டும். பெரியவள் முதல் நாள் போய்விட்டு வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அப்பா, டாக்டர் பல்லையே பார்க்கல. கண்ணாடியத்தான் பார்க்கறார்." மேல்வரிசைப் பல்லை நேராகப் பார்க்க முடியாதாம். குட்டிக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கை எதிர்ப்பக்கம் போக வேண்டுமாம். அன்றிலிருந்து பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே தன் பெயரை எழுதிப் பழகினாள். நான் முயன்றேன், முதல் எழுத்தே நண்டு மாதிரி வந்தது. அன்றுதான் இவள் இதை விடமாட்டாள் என்று எனக்குப் பட்டது. அந்த டாக்டர்தான் பிறகு சிபாரிசுக் கடிதமும் கொடுத்தார். சயின்ஸ் பேராசிரியர்கள் இரண்டு பேரிடமும் கடிதம் கேட்பார்கள். முந்நூறு பேர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் எந்தப் பேராசிரியருக்குப் பெயர் தெரியும்? 18 கிரெடிட் எடுக்கிறவன் ஆபீஸ் நேரத்தில் போய் நிற்க முடியாது. இதையும் யோசி.

இப்போது நீ சொல்லாமல் விட்ட விஷயம். மூன்று வருடத்தில் முடிக்க ஏன் துடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கிரீன் கார்டு வரவில்லை, தம்பிக்கு 21 ஆனால், உன் வேலை விசாவை ஒட்டி அவனுக்குக் கிடைத்த எச்4 விசா போய்விடும். ஆனால் கணக்கைப் பார். 18-இல் சேர்ந்து மூன்று வருடத்தில் முடித்தாலும் பல் மருத்துவத்தில் காலெடுத்து வைக்கும்போது 21 தான். அந்த நான்கு வருடமும் எஃப்1 என்கிற மாணவர் விசாதான். அவசரப்பட்டு ஓடியும் அந்த மதிலைத் தாண்ட முடியவில்லை, இடையில் மார்க் போகிறது. எச்4 ஆனாலும் எஃப்1 ஆனாலும் அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்காது. எங்களுக்கு அது கிடைக்கிறது, ஆனால் அதற்கும் 2025 சட்டத்தில் கடிவாளம் போட்டுவிட்டார்கள். 2026 ஜூலையிலிருந்து இந்த மாதிரி படிப்புக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். கடனோடு வெளியே வருகிற பிள்ளைகளின் சராசரிக் கடனே 3 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகள் எவை, எவ்வளவு பணத்தை முன்கூட்டிக் காட்டச் சொல்கிறார்கள் என்று இந்த வருடமே விசாரிக்க ஆரம்பி. பணத்தையும் இன்றே தனியாக ஒதுக்கு. அவன் வேகத்தைக் கூட்டாதே.

ஊரில் பிடிஎஸ் சேர்த்துவிட்டு இங்கே கூட்டி வரலாமா என்று உன் வீட்டில் கேட்டதாக எழுதியிருந்தாய். பிளஸ் டூ முடித்த கையோடு சேரலாம், உண்மைதான். ஆனால் இங்கே தொழில் செய்ய, தேசியத் தேர்வு எழுதி, பெரும்பாலும் இங்குள்ள கல்லூரியில் இன்னொரு இரண்டு மூன்று வருடம் படித்து இந்த ஊர்ப் பட்டம் வாங்க வேண்டியிருக்கும். அந்த இடத்துக்கும் போட்டி அதிகம், ஃபீஸும் குறைவில்லை. ஊரிலேயே தொழில் செய்வதாக இருந்தால் தாராளமாகப் போகட்டும். சுற்றுவழியாக மட்டும் அதை நினைக்காதே.

விண்ணப்பம் மே மாதம் திறக்கும், ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம். பல இடங்களில் வர வர எடுத்துக்கொண்டே போவார்கள், அதனால் ஜூனிலேயே அனுப்பிவிட வேண்டும். பெரியவள் அந்த ஆர்கானிக் சறுக்கலால் ஒரு வருடம் தள்ளி, ஒரு கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பித்தாள். வருடம் வீண் என்று நான் அப்போது முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அந்த வருடத்தில்தான் அவள் பயந்த நோயாளிகளோடு பேசக் கற்றுக்கொண்டாள், அம்மாவிடம் டார்ச் அடித்ததைப் பார்த்தபோது புரிந்தது.

தம்பியை அவளிடம் பேசச் சொல். ஞாயிறு சாயங்காலம் உங்கள் நேரம் ஆறுக்கு மேல் எடுப்பாள். நீ லைனில் இருக்காதே. தங்கச்சிக்கு என் விசாரிப்பு. டிசம்பரில் வருவதாக இருந்தால் அம்மா கிளம்புவதற்குள் வா, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அந்த எக்ஸெல்லை அவனிடமே கொடுத்துவிடு. கொடுப்பதற்கு முன்னால் பாஸ்வேர்டை எடு.

உன்
37-ஆம் ரூம்காரன்