வியூ இருக்கட்டும், வண்டி வாசல் வரை போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலில் கூட்டமில்லாத இடமாகப் பார்த்து வீடு எடுத்துத் தங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. வில்பட்டி, வட்டக்கானல், பூம்பாறை என்று ஊர்களை அடுக்கி, பால்கனியில் நின்றால் மேகம் வந்து முகத்தில் மோதும் என்று எழுதியிருந்தீர்கள். மோதும்தான். அந்தப் பால்கனிக்குப் போய்ச் சேருகிற வழியைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. இருபது வருஷமாக மதுரையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது மலையேறுகிறவன் என்ற உரிமையில் அந்த வரியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான வரி.

மூன்று வருஷத்துக்கு முன், மே மாதம். ஏரியைச் சுற்றி அறை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் ராத்திரி பத்து மணி வரை ஹாரன். சரி, ஊரைவிட்டுத் தள்ளிப் போவோம் என்று வில்பட்டிப் பக்கம் ஒரு காட்டேஜுக்கு முன்பணம் அனுப்பினேன். 'மெயின் ரோட்டிலிருந்து 300 மீட்டர்' என்று போட்டிருந்தார்கள். அளந்தால் 300 மீட்டர்தான் இருக்கும். அத்தனையும் இறக்கம் என்பதைத்தான் சொல்லவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் மண்பாதை களியாகிக் கிடந்தது. வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டுப் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதை முடிந்த இடத்தில் படிக்கட்டு ஆரம்பித்தது. என் மனைவிக்கு மூட்டுவலி. எண்ணிக்கொண்டே இறங்கினாள்: 64 படி. அப்புறம் மூன்று நாளும் அவள் வெளியே வரவில்லை. மலை பார்க்கப் போனவள் ஒரே ஜன்னல் வழியாக ஒரே மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

இரண்டாம் நாள் ராத்திரி எதிர்ச்சரிவில் இருந்த வீட்டுக்கு ஒரு வேன் நிறையப் பையன்கள் வந்தார்கள். கேம்ப்ஃபயர், ஸ்பீக்கர், ஆட்டம். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. பையன்களுக்கு அது தெரியவில்லை, ஸ்பீக்கருக்கும் தெரியவில்லை. பள்ளத்தாக்கில் எதிர்ப்பக்கம் இருமினால்கூட இங்கே காதில் விழும். டவுன் இரைச்சலில் அமுங்கிப்போகிற பாட்டு அங்கே வரி விடாமல் கேட்டது. ஒரு மணிக்குக் கேர்டேக்கருக்குப் போன் அடித்தேன். "சார், சத்தம் நம்ம காட்டேஜ்ல இல்லையே, பக்கத்துலதானே" என்றார் தூக்கக் கலக்கத்தில். கோபம் வந்தது. மறுநாள் யோசித்தபோது, மனுஷன் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. அவர்கள் விளம்பரம் செய்தது அவர்கள் வீட்டை மட்டும்தான். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். ஒரு குடும்பம் குடியிருக்கிறதா, இல்லை அதுவும் வாடகைக்கு விடுகிற காட்டேஜா? இந்த ஒரு கேள்வி போதும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும் கட்டுரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. பூம்பாறை நல்ல ஊர். படிப்படியான வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. ஆனால் அது மேல்மலை. வத்தலக்குண்டு வழியாக வருகிறவர்கள் கொடைக்கானல் டவுனுக்குள் நுழைந்து, அதைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். எந்த நெரிசலுக்குப் பயந்து தள்ளிப் போகிறோமோ அதே நெரிசலில் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நிற்க வேண்டும். வட்டக்கானல் டவுனுக்குப் பக்கம்தான், ஆனால் ரோடு ஒடுக்கம். டால்பின் நோஸ் பாறையைப் பார்க்கிற கூட்டம் மொத்தமும் அந்த வழியாகத்தான் வரும். சனி, ஞாயிறில் காரைத் திருப்ப இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

என்னைக் கேட்டால், வயதானவர்களோடு போகிறவர்கள் டவுனுக்கு முன்பே நின்றுவிடுவது உத்தமம். பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேருகிற பெருமாள்மலை, இல்லாவிட்டால் கீழ்மலைப் பக்கம் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. டவுன் 2,100 மீட்டர் உயரம் என்றால் தாண்டிக்குடி 1,300-ஐ ஒட்டித்தான். குளிர் எலும்பைத் துளைக்காது, மூச்சிரைப்பு உள்ளவர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். சுற்றிலும் காப்பித் தோட்டம். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடியில் இருக்கிறது. ஏரியும் படகும் இல்லையே என்று பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தால் போயிற்று.

தண்ணீரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கோடையில் தள்ளியிருக்கிற பல காட்டேஜ்களுக்கு டேங்கர்தான் கதி. டேங்கர் இறங்க முடியாத பாதை என்றால் குளிக்கிற வாளிக்கும் கணக்கு வரும். குடிதண்ணீருக்குப் பாட்டில் வாங்கிப் போவோம் என்றால் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை, பிடித்தால் ஒன்றுக்கு 20 ரூபாய். அப்புறம் இருட்டினால் காட்டெருமை. டவுன் தெருவிலேயே சாவகாசமாக நடக்கிற ஜீவன் அது. கடையிலிருந்து பால் பாக்கெட்டோடு திரும்பி வந்த என் மருமகன், டார்ச் வெளிச்சத்தில் பாறை என்று நினைத்தது தலையைத் திருப்பிப் பார்த்ததும் அப்படியே பின்னாலேயே நடந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு எல்லோருக்கும் கடுங்காப்பிதான். ராத்திரிச் சாப்பாடு அந்த வீட்டிலேயே கிடைக்குமா என்று கேட்கச் சொல்வது ருசிக்காக இல்லை.

வெளியூர் வண்டி மலையேற ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ் 2024 மே 7-லிருந்து இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே சீசனில் முதலில் பாஸ், பிறகு முன்பணம். மாற்றிச் செய்தவர்கள் முன்பணத்தைத் திரும்ப வாங்கப் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறேன். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

போன டிசம்பரில் பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. விளம்பரத்தில் மங்கலாக இரண்டே படம். போன் செய்தேன். நான் கேள்வி கேட்க நினைத்து வைத்திருந்தேன், வீட்டுக்கார அம்மா முந்திக்கொண்டார். "எத்தனை பேருங்க வர்றீங்க? குடும்பமா, பசங்களா? ஸ்பீக்கர் கீக்கர் கொண்டு வர மாட்டீங்களே? வயசானவங்க இருந்தா முன்னாடியே சொல்லிருங்க, கீழ் ரூமைத் துடைச்சு வைக்கிறேன். மொத்தம் மூணு படிதான்." முன்பணம் பற்றிக் கடைசி வரை பேசவே இல்லை. இவ்வளவு விசாரிக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரரையும் சும்மா விட்டிருக்க மாட்டார் என்று தைரியம் வந்தது. போய்த் தங்கினோம். காலையில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதைத் தவிர ஒரு சத்தமில்லை. என் மனைவி தினமும் தோட்டத்துக்குள் நடந்துவிட்டு, உள்ளங்கையில் நாலு காப்பிப் பழத்தோடு வருவாள்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் பால்கனிப் படத்தோடு அந்தக் கடைசி 300 மீட்டர் பாதையின் படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாசகன்