ஞாயிறு ஸ்கேட்போர்ட் போட்டி: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். வாற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு, கல்லடியில் பிள்ளைகள் வழமையாக ஓடும் சீமெந்துத் தளத்தில் போட்டி.

1. தலைக்கவசம், முழங்கால் காப்பு, சப்பாத்து கட்டாயம். செருப்போடு வந்தால் ஏற விடமாட்டோம்.
2. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் ஸ்ட்ரீட் பிரிவில் (தெருவில் உள்ளது போன்ற படி, கைப்பிடிகளில் ஓடுவது) போல ஆளுக்கு 45 விநாடி ஓட்டம் இரண்டு. நல்லது மட்டும் கணக்கில். விழுந்தால் நேரம் நிற்காது, எழும்பி ஓட வேண்டியதுதான்.
3. கடற்கரை மணலும் உப்பும் சில்லுக்குள் இருக்கும் பெயாரிங்கைத் தின்னும். சனிக்கிழமையே சில்லைக் கழற்றித் துடைத்துச் சுற்றிப் பாருங்க. கரகரத்தால் 3.30க்கே கொண்டு வாங்க.
4. மழை என்றால் அடுத்த ஞாயிறு.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. தாராளமாக அனுப்புங்க.

பெயர், வயதை வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே போடுங்க. வெறும் பெருவிரலைக் காட்டினால் யார் வாறது என்று எங்களுக்குத் தெரியாது.