எதிராளி சொல்வதையும் சொல்லுங்கள்

ஆன்மிக மேடைகளில் பேசும் பெரியவர்களுக்கும், அந்த மேடைகளை அமைக்கும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

போன மாதம் நாகர்கோவில் பக்கம் ஒரு கூட்டத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். ஞானம் எது என்பதுதான் பேச்சு. உயிரும் கடவுளும் ஒன்றே என்னும் அத்வைதம் பேசியவர், சைவ சித்தாந்திகளுக்கு முத்தியிலும் 'நான்' விடாது என்றார். அடுத்து வந்த சித்தாந்தி, தன்னையே கடவுள் என்று சொல்லித் திரிகிறவர்கள் இவர்கள் என்றார். இரண்டுக்கும் கைதட்டல். அம்மா பாதியில் எழுந்துவிட்டார்.

இருவருமே எதிர்த்தரப்பின் கொள்கையைச் சொல்லவில்லை. அத்வைதி 'நான்' என்பது பெயரும் ஊரும் உள்ள இந்த ஆளை அல்ல. அதெல்லாம் கழிந்தபின் மிஞ்சும் அறிவை. சித்தாந்தமோ, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் பிடி விட்டால்தான் முத்தி என்கிறது. தாளும் தலையும் புணர்ந்து 'தாடலை' என்று ஒரே சொல்லாக நிற்பதுபோல் உயிரும் இறைவனும் கூடுகின்றன. ஆனால் உயிர் இல்லாமல் போவதில்லை. எவ்வளவு நுட்பமான இடம்! அதைக் கேட்கத்தானே வந்தோம்?

எல்லாம் ஒன்றுதான் என்று பேசச் சொல்லவில்லை. ஒன்றல்ல. சிதறால் மலையில் முக்குடையின் கீழ் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் சமண சமயத்தில், வினை உதிர்ந்த உயிர் எந்தக் கடவுளோடும் கலப்பதில்லை. உலகின் உச்சியில் தனித்து நிற்கிறது. தக்கலை பீர்முகமது அப்பா நின்ற சூஃபி வழியில் 'நான்' இறைவனுக்குள் கரைய வேண்டும். சின்ன வயதில் அய்யாவழிக்காரர்களின் சுவாமிதோப்புப் பதிக்கு எங்கள் அப்பா என் தலையில் துவர்த்தை, அதாவது துண்டை, சுற்றிக் கட்டிக் கூட்டிப்போனார். சிலை இருக்கும் இடத்தில் கண்ணாடி வைத்திருக்கும் பள்ளியறை அது; பார்த்தால் நாமமும் நழுவும் துவர்த்துமாக என் முகம். சாமி எங்கே என்று கேட்டேன். "நல்லா பாரு" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

13-ஆம் நூற்றாண்டிலேயே அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கம் வைத்தார். 14 பிற மதங்களின் கொள்கைகளைச் சொல்லி, மறுத்து, அப்புறம்தான் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம். அவர் மறுப்பில் தயவுதாட்சணியம் கிடையாது. ஆனால் எதை மறுக்கிறார் என்று நமக்குத் தெரியும்.

அந்த வரிசையை நம் மேடைக்கும் கொண்டுவாருங்கள். பேசுகிறவர் முதல் பத்து நிமிடம் எதிர்த்தரப்பின் கொள்கையைச் சொல்லட்டும். "சரி, இதுதான் நாங்கள் சொல்வது" என்று அவர்கள் ஒப்பிய பிறகு மறுக்கட்டும், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும். அப்படி ஒரு கூட்டம் வைத்தால் அம்மாவைத் திரும்பவும் கூட்டிவருகிறேன்.

அன்புடன்,
குமரி மாவட்டத்து வாசகன்